பிள்ளையின் அடினொயிட், டொன்சில் வீக்கத்துக்கு மூக்கு ஸ்டீரொயிட் ஸ்ப்ரே: ஆறு வாரத்தை வீணாக்காமல் அடிக்கும் முறை

"ஒன்றரை மாதம் மூக்குக்கு அடிச்சுப் பாத்தம், சுகமில்லை" என்று பெற்றோர் சொல்லும்போது போத்தலை வாங்கிக் குலுக்கிப் பாருங்கள். பல வேளைகளில் முக்கால்வாசி மருந்து அதற்குள்ளேயே கிடக்கும். மருந்து வேலை செய்யாதது ஒன்று. மருந்து போய்ச் சேராதது வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்து அறியாமல் சத்திரசிகிச்சை பற்றிய முடிவுக்குப் போகக் கூடாது. கீழே உள்ள ஒழுங்கு அதற்காகத்தான். டொக்டர் பிள்ளையைப் பார்த்து ஸ்ப்ரே எழுதிக் கொடுத்த பிறகு செய்ய வேண்டியவை இவை. மருந்துக்கடையில் தானாக வாங்கித் தொடங்குவதற்கான வழி இதில் இல்லை.

## 1. வீங்கியிருப்பது எது என்று கேட்டு அறியுங்கள்

வாயைத் திறந்து டோர்ச் அடித்தால் இரண்டு பக்கமும் தெரிபவை டொன்சில். நடுவில் தொங்குவது உள்நாக்கு. "உள்நாக்கு வளந்திட்டுது" என்று நம்மூரில் சொல்லப்படுவது பெரும்பாலும் டொன்சிலைத்தான். அடினொயிட் இந்த வழியாகத் தெரியவே தெரியாது. அது டொன்சில் போன்ற திசு; அண்ணத்துக்கு மேலே, மூக்கின் கடைசிச் சுவரில் இருக்கிறது. பெருத்தால் மூச்சு போகும் வழியை அடைத்துக் குறட்டை விட வைக்கும். அதைப் பார்க்க மூக்கினூடாக விடும் மெல்லிய கமரா வேண்டும், அல்லது பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே வேண்டும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? மூக்கில் அடிக்கும் மருந்து பின்னால் போய் அடினொயிட்டில் நேரடியாகப் படியும். டொன்சில் அதற்குக் கீழே, தொண்டையில். அங்கே போவது வழிந்து இறங்கும் மிச்சம் மட்டுமே. அடினொயிட் பெருத்து மூக்கடைப்போடு இருக்கும் பிள்ளையிடம் ஸ்ப்ரேயிலிருந்து எதிர்பார்ப்பதற்கு இடமுண்டு. டொன்சில் மட்டும் பெருத்து, மூக்கு சுத்தமாக இருக்கும் பிள்ளையிடம் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு அடிக்கடி வரும் தொண்டை நோவுக்கு இந்த ஸ்ப்ரே மருந்தே அல்ல.

"மூக்குச் சதை" என்ற சொல்லும் குழப்பும். மூக்கின் உட்பக்கச் சுவரில் எல்லோருக்கும் உள்ள மடிப்புகள் ஒவ்வாமையால் வீங்கினாலும் அதையே சொல்வார்கள், அடினொயிட்டுக்கும் அதையே சொல்வார்கள். எதைச் சொல்கிறார் என்று டொக்டரிடம் கேட்டு கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். தும்மல், மூக்கரிப்பு, காலையில் தண்ணீராய் ஓடும் மூக்கு உள்ள பிள்ளைக்கு அந்த மடிப்புகளின் வீக்கமும் ஸ்ப்ரேயால் சேர்ந்து இறங்கும்.

அடினொயிட் ஏறத்தாழ 3 முதல் 7 வயது வரை பெரிதாக இருந்து, பிறகு தானாகச் சுருங்கும். ஸ்ப்ரே அந்தக் காலத்தைக் கடக்க உதவினாலே பாதி வேலை முடிந்தது.

## 2. ஸ்ப்ரேயைச் சொல்லிக் காலம் கடத்தக் கூடாதவர்கள்

நித்திரையில் மூச்சு நின்று நின்று உதடு நீலமாகிற பிள்ளை. மூச்சுக்குப் போராடி நெஞ்சுக் குழி உள்ளே இழுபடுகிற பிள்ளை. நிறை ஏறாத பிள்ளை. 2 வயதுக்குக் குறைந்த குழந்தை. டவுண் நோய்க்குறியோ முகத் தாடை அமைப்பில் குறைபாடோ தசை பலவீனமோ உள்ள பிள்ளை. இவர்களை ஆறு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்காமல், காது மூக்கு தொண்டை நிபுணரிடம் விரைவாகக் காட்ட வேண்டும். நீலமானால், எழுப்பியும் சரியாக எழும்பாவிட்டால், அந்த இரவே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பும் நாற்றமுள்ள சளியும் இருந்தால் உள்ளே மணியோ கடலையோ பஞ்சோ சிக்கியிருக்கலாம். ஒரு பக்க டொன்சில் மட்டும் மற்றதைவிடப் பெரிதாகிக்கொண்டு போனாலும், பதின்ம வயதுப் பையனுக்கு மூக்கடைப்போடு அடிக்கடி இரத்தம் வந்தாலும், முதலில் அதற்கான காரணத்தைப் பார்க்க வேண்டும்.

## 3. தொடங்குவதற்கு முந்தின வாரம்: மூன்று இரவு, ஒரு கொப்பி

பலரும் தாண்டிப் போகிற படி இது. ஆறு வாரம் கழித்து "கொஞ்சம் பரவாயில்லை மாதிரி" என்று சொல்வதில் டொக்டருக்கு எதுவும் கிடைக்காது. முன்பு எப்படி இருந்தது என்பது எழுத்தில் இருந்தால்தான் பின்பு எப்படி என்று ஒப்பிடலாம்.

கொப்பியில் மூன்று கேள்வி போதும். குறட்டை எத்தனை இரவு? மூச்சு இழுக்கக் கஷ்டப்பட்டதா? மூச்சு நின்றதா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி: ஒருபோதும் இல்லை 0, எப்போதாவது 1, அடிக்கடி 2, ஒவ்வொரு இரவும் 3. பகலில் வாய் திறந்தே இருக்கிறதா, படுக்கையில் சலம் போகிறதா, வகுப்பில் தூங்கி விழுகிறதா என்பதையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

மூன்று இரவு போனில் வீடியோ எடுங்கள். ஒவ்வொன்றும் 2 நிமிடம். படுத்தவுடன் எடுத்தால் பயனில்லை. பிள்ளைகளுக்கு மூச்சுத் தடை கூடுவது கனவு காணும் நித்திரையில், அது விடிய முந்தின மணித்தியாலங்களில்தான் அதிகம். 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில், சட்டையை உயர்த்தி நெஞ்சும் வயிறும் தெரிய, மின்விசிறியை நிறுத்தி, சத்தம் கேட்கும் தூரத்தில் எடுங்கள். விசிறி இரைச்சலில் குறட்டை கேட்காத வீடியோக்கள்தான் கிளினிக்கில் அதிகம் வருகின்றன.

தடிமன் பிடித்திருக்கும் வாரத்தில் இதைச் செய்யாதீர்கள். தடிமனில் எல்லாப் பிள்ளையும் குறட்டை விடும். அதை "முன்பு" என்று எழுதினால், தடிமன் போனதைப் பிறகு மருந்தின் கெட்டித்தனம் என்று நினைத்துவிடுவீர்கள். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை திருகோணமலையில் மாரி. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தடிமன் போய் மறு தடிமன் வரும். அந்த மாதங்களில் தொடங்க வேண்டி வந்தால், மூக்கு ஓடாத ஒரு வாரம் கிடைக்கும் வரை பொறுத்துத் தொடங்குங்கள்.

## 4. உப்புத் தண்ணீர், ஸ்ப்ரேக்கு முன்பே

சளி மூடிய மூக்கில் அடித்த மருந்து சளியின் மேல் படிந்து, சளியோடு வெளியே வரும். இது முதல் காரணம். இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. மெல்போர்னில் 3 முதல் 12 வயது வரையான, குறட்டையும் மூச்சுத் தடையும் உள்ள பிள்ளைகளை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு மொமெட்டசோன் என்ற ஸ்டீரொயிட் ஸ்ப்ரேயும் மறு குழுவுக்கு வெறும் உப்புநீர் ஸ்ப்ரேயும் ஆறு வாரம் கொடுத்தார்கள். முடிவு 2023ல் வெளியானது: ஸ்டீரொயிட் குழுவில் 44 வீதம், உப்புநீர்க் குழுவில் 41 வீதம் பிள்ளைகளுக்கு அறிகுறிகள் தீர்ந்தன. இரண்டுக்கும் இடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அது வேறு ஊர்ப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு, கடுமையான நோயுள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. அடினொயிட் சுருங்குவதைக் காட்டிய வேறு சிறிய ஆய்வுகளும் உண்டு. ஆனாலும் சாதாரண குறட்டைக்கு முதல் சில வாரம் உப்புநீரோடு மட்டும் தொடங்கிப் பார்க்கலாமா என்று டொக்டரிடம் கேட்பது நியாயமான கேள்வி. உப்புநீரை ஒரு சடங்காக நினைத்து விட்டுவிடுவதுதான் தவறு.

மருந்துக்கடையில் 0.9 வீத சேலைன் மூக்குத் துளி அல்லது ஸ்ப்ரே கிடைக்கும். சிறு பிள்ளைக்கு அதுதான் வசதி: ஒவ்வொரு மூக்கிலும் 2 அல்லது 3 துளி, அல்லது ஒரு அழுத்து. விளங்கிக் கேட்கும் வயதுப் பிள்ளைக்கு ஊசி கழற்றிய சிரிஞ்சால் 5 முதல் 10 மி.லீ. வரை விடலாம். பேசினுக்கு மேல் குனிய வைத்து, வாயைத் திறந்து "ஆ" சொல்ல வைத்து, மெல்ல விடுங்கள். வேகமாகத் தள்ளினால் காதுக்குள் ஏறி நோகும். ஒரு தரம் நொந்தால் அடுத்த நாள் பிள்ளை பேசின் பக்கமே வராது.

வீட்டில் செய்வதானால்: தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, ஒரு நிமிடம் கொதி அடங்காமல் வைத்து, மூடி ஆறவிடுங்கள். 250 மி.லீ. தண்ணீருக்கு, தட்டையாக வழித்த அரைத் தேக்கரண்டித் தூளுப்பு, அதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும். எரிச்சலைக் குறைக்க ஒரு சிட்டிகை அப்பச்சோடா. கல்லுப்பைக் கரண்டியால் அளந்தால் கட்டிகளுக்கிடையில் வெளி விழுந்து அளவு பிழைக்கும். மிஞ்சியதை அன்றிரவே ஊற்றிவிடுங்கள், சிரிஞ்சையும் கொதிநீரில் கழுவிக் காயவிடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் மூக்கில் விடவே கூடாது. நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கினூடாக மூளைக்குப் போகக்கூடியது. அரிதானது, வந்தால் பெரும்பாலும் உயிர் தப்பாது. அது வெதுவெதுப்பான நீரை விரும்பும். ஆகவே கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு "வெந்நீர்தானே, மூக்குக்கும் நல்லது" என்று உறிஞ்ச வைப்பதையும் விட்டுவிடுங்கள். கடலோரக் கிணறுகளில் சவர் ஏறியிருந்தால் தண்ணீரில் ஏற்கனவே உப்பு இருக்கும். அதில் மேலும் உப்புப் போட்டால் எரியும். அப்படியான வீட்டுக்கு, கடையில் வாங்கும் சேலைன்தான் சரி. கடல் தண்ணீரில் உப்பு 3.5 வீதம், வேண்டியதைவிட ஏறக்குறைய நாலு மடங்கு.

## 5. மருந்துக்கடையில் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்

"மூக்கடைப்புக்கு ஒரு ஸ்ப்ரே தாங்க" என்று கேட்டால் கையில் வருவது வேறொரு மருந்தாக இருக்கலாம். பெயரின் வாலைப் பாருங்கள். மொமெட்டசோன், புளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன்: "சோன்" என்று முடிபவை ஸ்டீரொயிட். பியுடெசொனைட்டும் அந்த இனமே. சைலோமெட்டசோலின், ஒக்சிமெட்டசோலின்: "சோலின்" என்று முடிபவை இரத்தக் குழாயைச் சுருக்கி உடனே மூக்கைத் திறப்பவை. அவற்றைச் சில நாட்களுக்கு மேல் அடித்தால் மருந்து இறங்கும்போது மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கும். அடைக்கிறதே என்று மறுபடி அடிக்க, அதிலிருந்து வெளியே வருவதே ஒரு வேலையாகிவிடும். "அடிச்ச உடனே திறந்திட்டுது, நல்ல மருந்து" என்று தோன்றினால் பெட்டியை இன்னொரு முறை படியுங்கள். ஸ்டீரொயிட் ஸ்ப்ரே உடனே திறக்காது.

வயதும் பாருங்கள். மொமெட்டசோன் பெரும்பாலும் 3 வயதிலிருந்து, புளூட்டிகசோன் புரோப்பியனேட் 4 வயதிலிருந்து, பியுடெசொனைட்டும் பெக்லோமெத்தசோனும் 6 வயதிலிருந்து. புளூட்டிகசோன் பியூரோவேட் சில நாடுகளில் 2 வயதிலிருந்து, சில நாடுகளில் 6 வயதிலிருந்து. பெட்டிக்குள் உள்ள தாளில் ஒவ்வாமை மூக்கழற்சிக்கு என்றுதான் இருக்கும், அடினொயிட் என்ற சொல்லே இராது. டொக்டர் தெரிந்துதான் எழுதுகிறார், பயப்பட வேண்டாம்.

11 வயது வரையான பிள்ளைக்கு மொமெட்டசோனில் வழக்கமான அளவு ஒவ்வொரு மூக்கிலும் 50 மைக்ரோகிராமில் ஓர் அழுத்து, நாளுக்கு ஒரு தடவை. மொத்தம் 100 மைக்ரோகிராம். கொப்பியில் இதைவிட வேறு அளவு எழுதியிருந்தால் கொப்பியைப் பின்பற்றுங்கள், விளங்காவிட்டால் கேளுங்கள்.

டொக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை: பிள்ளை முட்டு நோய்க்கு இன்ஹேலர் எடுக்கிறதா, தோலுக்கு ஸ்டீரொயிட் களிம்பு பூசுகிறதா, அண்மையில் மூக்கில் அடியோ சத்திரசிகிச்சையோ நடந்ததா, கண் அழுத்த நோய் இருக்கிறதா. எல்லா வழியாலும் போகும் ஸ்டீரொயிட்டைக் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

## 6. புதுப் போத்தலை முதலில் காற்றில் அடியுங்கள்

புதுப் போத்தலின் குழாயில் மருந்து இல்லை, காற்றுத்தான் இருக்கிறது. நேரே மூக்கில் அடித்தால் முதல் சில நாள் பிள்ளைக்குப் போவது அரைகுறை அளவு. நன்றாகக் குலுக்கி, மூக்குக்கு எட்டத்தில் காற்றில் அழுத்துங்கள். மொமெட்டசோனுக்குப் 10 தடவை, புளூட்டிகசோனுக்கு 6 தடவை என்பது வழக்கம். எண்ணிக்கை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். மெல்லிய பனிபோல ஒரே சீராக வரும் வரை என்பதே அளவு. ஒரு வாரத்துக்கு மேல் பாவிக்காமல் விட்டிருந்தால் மறுபடி இரண்டு தடவை.

தொடங்கிய திகதியைப் போத்தலில் மார்க்கரால் எழுதுங்கள். நாளுக்கு இரண்டு அழுத்து, ஆறு வாரத்துக்கு 84. ஆகவே 120 அழுத்துப் போத்தல் ஒன்று போதும். ஒரு மாதத்தில் முடிந்துவிட்டால் இரட்டிப்பாக அடித்திருக்கிறீர்கள். ஆறாவது வாரத்தில் முக்கால்வாசி மிச்சமிருந்தால் நாட்களைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். நிலாவெளி வெயிலில் ஆட்டோவின் முன் பெட்டியிலும் வைக்க வேண்டாம்.

## 7. அடிக்கும் முறை

முழு வழிகாட்டியிலும் இதை மட்டும் இரண்டு தரம் படியுங்கள்.

மூக்கைச் சீறவிடுங்கள். உப்புநீர் விட்ட பிறகு ஒரு பக்கத்தை மூடி மறுபக்கம், மெல்ல. லேஞ்சியில் சளி வந்ததா என்று பாருங்கள். பிறகு 10 நிமிடம் பொறுங்கள். உடனே அடித்தால் மூக்கில் நிற்கும் உப்புநீரோடு மருந்தும் வழியும். ஸ்ப்ரேக்குப் பிறகு உப்புநீர் விடுவது, போட்ட மருந்தை நாமே கழுவி ஊற்றுவது.

தலையைச் சற்று முன்னால் குனிய வையுங்கள். தன் காற்பெருவிரலைப் பார்க்கிற அளவு போதும். கண்ணுக்கு மருந்து விடுகிற மாதிரி தலையை அண்ணாத்திப் பிடிப்பதுதான் நாம் காணும் முதல் பிழை. அண்ணாத்தினால் மருந்து நேரே தொண்டைக்குள் ஓடும். பிள்ளை "கைக்குது" என்று துப்பும்.

வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. பிள்ளை தானே அடித்தாலும் இதுதான், நீங்கள் பின்னால் நின்று அடித்தாலும் இதுதான். ஒரே கையால் இரண்டு பக்கமும் அடித்தால் குழாய் முனை ஒரு பக்கத்தில் தானாக நடுச்சுவரைப் பார்க்கும். நாளாந்தம் ஒரே இடத்தில் பட்டு அந்தச் சுவர் காய்ந்து இரத்தம் வரும். மூக்கில் இரத்தம் வருகிறது என்று நிறுத்தப்படும் போத்தல்களில் பல, கை மாற்றாததால் நிறுத்தப்பட்டவை.

முனை பின்னாலும் வெளிப்பக்கமாகவும் பார்க்கட்டும். மூக்கின் வழி நெற்றியை நோக்கி மேலே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வெளியில் தெரியும் மூக்கின் சாய்வு அப்படி நினைக்க வைக்கிறது. உண்மையில் அந்த வழி முகத்திலிருந்து நேரே பின்னால், காதுத் தொங்கலின் மட்டத்தில் போகிறது. முனையை அரைச் சென்ரிமீற்றர் அளவு உள்ளே வைத்து, அதே பக்கக் காதைக் குறிபாருங்கள். நெற்றிக்குக் குறிபார்த்தால் மருந்து மூக்கின் முன் கூரையில் பட்டு, சொட்டி, மேலுதட்டில் வந்து நிற்கும். அடித்த ஒரு நிமிடத்தில் மேலுதடு ஈரமானால், அல்லது பிள்ளை உடனே விழுங்கினால், குறி பிழைத்திருக்கிறது.

அழுத்தும்போது மெல்ல மூச்சு இழுக்கட்டும். "உறிஞ்சு" என்று சொன்னால் பிள்ளை பலமாக உறிஞ்சும், மருந்து தொண்டைக்குப் போய்விடும். "மகன், பூவை மணந்து பாக்கிற மாதிரி" என்று சொல்லுங்கள், விளங்கும். ஒரே அழுத்தாக, முழுவதும் கீழே போக அழுத்துங்கள். பயந்து பயந்து பாதி அழுத்தினால் பனி வராது, துளிதான் வரும். பிறகு வாயால் மூச்சை விடட்டும். மறுபக்கத்துக்கும் இப்படியே.

பிறகு 15 நிமிடம் மூக்குச் சீறக் கூடாது. வழிந்ததைத் துடைக்கலாம்.

அழும் பிள்ளையைப் பிடித்து அடிக்காதீர்கள். அழும்போது மூக்கு நிறையத் தண்ணீர், மூச்சு வெளியே தள்ளும், எதுவும் உள்ளே நிற்காது. முதல் இரண்டு நாள் மூடியோடு போத்தலைக் கொடுத்து விளையாட விடுங்கள், பொம்மைக்கு அடிக்கட்டும், மூன்றாம் நாள் தொடங்குங்கள். இரண்டு நாள் பிந்துவதால் ஒன்றும் கெட்டுப்போகாது.

முனையை நாளும் துடைத்து மூடுங்கள். அடைத்தால் கழற்றி வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவைத்துப் பூட்டுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிப் பனி வராமல் பீச்சும். அந்தப் போத்தலை எறிய வேண்டியதுதான்.

## 8. ஆறு வாரம் ஓட்டுவது

காலையோ இரவோ, ஒரே நேரம். பல் தீட்டும் நேரத்தோடு கட்டிவிடுங்கள், போத்தல் பல்துலக்கிக்குப் பக்கத்தில் நிற்கட்டும். தவறவிட்ட நாளுக்கு அடுத்த நாள் இரட்டிப்பாக அடிக்க வேண்டாம்.

மூக்கின் உட்சவ்வு வீக்கம் ஒன்றிரண்டு வாரத்தில் இறங்கத் தொடங்கும். அடினொயிட் திசு அதைவிட மெதுவானது. நாலாவது நாளில் "ஒன்றையும் காணோம்" என்று விடுவதும் பிழை, பத்தாவது நாளில் "சுகம் வந்திட்டுது" என்று விடுவதும் பிழை. இரண்டாவது வகைதான் அதிகம்.

இடையில் தடிமன் வந்தால் ஸ்ப்ரேயை நிறுத்தாமல் உப்புநீரைக் கூட்டுங்கள். முடிவு பார்க்கும் திகதியை இரண்டு வாரம் பிற்போடுங்கள். கொப்பளிப்பான், சின்னமுத்து வந்த பிள்ளையோடு பழக நேர்ந்து, உங்கள் பிள்ளைக்கு அந்த நோயோ தடுப்பூசியோ முன்பு இல்லையென்றால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் எதிர்வேலை செய்பவை சில: நுளம்புத் திரி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, விறகடுப்புப் புகை, படுக்கையறையில் சிகரெட். ஒரு பக்கம் வீக்கத்தை இறக்கி மறுபக்கம் புகையால் ஏற்றுவதில் அர்த்தமில்லை. திரிக்குப் பதில் நுளம்பு வலை. தலையணை உறையை வாரம் ஒரு முறை சூடான நீரில் துவையுங்கள்.

## 9. இரத்தம், எரிச்சல், உயரம்

லேஞ்சியில் கோடுபோல இரத்தம் வந்தால் முதலில் கையும் குறியும் சரியா என்று பாருங்கள். இரண்டு நாள் ஸ்ப்ரேயை நிறுத்தி உப்புநீர் மட்டும் விட்டு மறுபடி தொடங்கலாம். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் மூக்கு வறண்டு வெடிக்கும், இந்த இரத்தம் அப்போது கூடும். இரவில் மூக்கு வாசலில் சிறிதளவு வசலின் பூசினால் அடங்கும். இரத்தம் ஓடினால் பிள்ளையை முன்னால் குனிய வைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் வைத்தியசாலை. மறுபடி மறுபடி வந்தால் ஸ்ப்ரேயை நிறுத்திக் காட்டுங்கள்.

"ஸ்டீரொயிட்" என்ற சொல்லைக் கேட்டதும் முகம் ஊதும், வளர்த்தி நிற்கும் என்று அம்மம்மா பயப்படுவது இயல்பு. அது வாயால் நீண்ட காலம் எடுக்கும் மாத்திரையில் நடப்பது. மொமெட்டசோன், புளூட்டிகசோன் ஸ்ப்ரேயில் இரத்தத்துக்குள் போவது மிகச் சொற்பம், 2 வீதத்துக்கும் குறைவு. பெக்லோமெத்தசோனை ஒரு வருடம் தொடர்ந்து அடித்த பிள்ளைகளிடம் உயரம் வளரும் வேகம் சற்றுக் குறைந்தது ஆய்வில் தெரிந்தது. அதனால் மாதக்கணக்கில் தொடர்ந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரம் அளந்து, பிறந்தபோது தந்த சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் குறியுங்கள். ஆறு வாரத்துக்கு இந்தக் கவலை தேவையில்லை.

## 10. ஆறாவது வாரம்: கொப்பியைப் புரட்டி முடிவெடுத்தல்

அதே மூன்று கேள்வி, அதே மூன்று இரவு, அதே நேரத்தில் வீடியோ. முன்பு எடுத்த வீடியோவை அழித்துவிடாதீர்கள். டொக்டர் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கட்டும். மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ நகரத்துக் கிளினிக்குக்கு வருபவர்களுக்கு ஒரு முழு நாள் போய்விடும். ஆகவே கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, புள்ளிக் கொப்பி, போன் சார்ஜ், ஸ்ப்ரே போத்தல் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே ஒரு பையில் போடுங்கள். போத்தலை ஏன்? அதைக் குலுக்கிப் பார்ப்பார்கள். பிள்ளைக்கு எப்படி அடிக்கிறீர்கள் என்று அவர்கள் முன்னால் செய்து காட்டவும் அது வேண்டும்.

புள்ளி 0 அல்லது 1க்கு வந்திருந்தால் எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். சிலருக்கு அங்கேயே நிறுத்துவார்கள், சிலருக்கு மூன்று மாதம் வரை போவார்கள். நிறுத்திய பின் குறட்டை திரும்பலாம். நிறுத்தின திகதியையும் திரும்பின திகதியையும் எழுதுங்கள். பாதி குறைந்திருந்தால் முறை சரியா, வீட்டுப் புகை நின்றதா, ஒவ்வாமைக்கு வேறு மருந்து வேண்டுமா என்று பார்த்து நீடிப்பார்கள். மொன்ரெலுகாஸ்ட் மாத்திரை எழுதினால், பிள்ளையின் குணம், நித்திரை, கனவு மாறுகிறதா என்று கவனியுங்கள்; அப்படி மாறினால் உடனே சொல்லுங்கள்.

84 அழுத்தும் ஒழுங்காகப் போய், குறியும் சரியாக இருந்து, புள்ளி அசையாவிட்டால் ஸ்ப்ரே தன் பதிலைச் சொல்லிவிட்டது. இரண்டாவது போத்தல் வாங்குவதில் பயனில்லை. அடினொயிட், டொன்சில் எடுக்கும் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் இது. அப்போது கேட்க வேண்டியவை: இரண்டையுமா, அடினொயிட்டை மட்டுமா? காத்திருக்கும் காலம் எவ்வளவு, அதுவரை உப்புநீர் போதுமா? காதுக்குள் நீர் கட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ரீவி சத்தத்தைக் கூட்டும் பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்றால் கேள்திறன் பரிசோதனை வேண்டும், அந்த நீருக்கு இந்த ஸ்ப்ரே உதவுவதில்லை.

மிஞ்சிய போத்தலைத் தம்பிக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ கொடுக்காதீர்கள். திறந்து இரண்டு மாதம் கடந்துவிட்டால் உள்ளே மருந்து குலுங்கினாலும் குப்பையில் போடுங்கள்.